லேசர் உருக்காத இரும்பு

1997-ல் டெக்சாஸில் அச்சுகள் செய்யும் ஒரு சின்ன டூலிங் கடையில் வேலை பார்த்தேன். பிளாஸ்டிக் கிளிப் ஒன்றுக்கு சோதனை மோல்ட், அதாவது உருகிய பிளாஸ்டிக்கைச் செலுத்தி வார்க்கும் அச்சு, வேண்டும், சில நூறு கிளிப் அடித்துத் தந்தால் போதும் என்று ஓர் ஆர்டர் வந்தது. ஸ்டீல் பிளாக்கைக் குடைந்து எடுக்காமல், இந்தத் தடவை பொடியிலிருந்து லேசரில் செய்து பார்ப்போம் என்றார் முதலாளி. கோயம்புத்தூர் ஃபவுண்டரியில் இரண்டு வருடம் மணலோடு மல்லுக்கட்டியவன் என்பதால் அந்த வேலை என் தலையில் விழுந்தது.

பொடியை லேசரால் அடுக்கடுக்காக ஒட்டி உருவம் செய்யும் மெஷின் அது, டிடிஎம் கம்பெனியின் சின்டர்ஸ்டேஷன். அந்தக் கம்பெனியின் சொந்த ஊரே ஆஸ்டின்தான். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் கார்ல் டெக்கார்ட் என்ற மாணவரும் அவருடைய பேராசிரியர் ஜோ பீமனும் 1980-களின் நடுவில் பிளாஸ்டிக் பொடியை லேசரால் ஒட்டவைத்ததில் தொடங்கிய கதை. டெக்கார்டின் ஆரம்பகால மெஷினுக்கு பெட்ஸி என்று செல்லப்பெயர்.

முதல் நாளே எனக்கு ஏமாற்றம். உலோகம் ஜொலித்து உருகுவதைக் கண்ணாடி ஜன்னல் வழியே பார்க்கலாம் என்று நினைத்திருந்தேன். உள்ளே இருந்ததோ 50 வாட் கார்பன் டை ஆக்சைடு லேசர். அதை வைத்து இரும்பை உருக்க முடியாது. சூட்சுமம் பொடியில் இருந்தது. ஒவ்வொரு இரும்புத் துகளுக்கும் மேலே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு. லேசர் இளக்குவது அந்தப் பூச்சை மட்டும்தான். ரோலர் பொடியைப் பரப்பும், லேசர் கோடு போடும், மேடை ஒரு மயிரிழை இறங்கும், மறுபடி ரோலர். ராத்திரி முழுக்க இதே.

காலையில் பொடிக் குவியலுக்குள்ளிருந்து தோண்டி எடுப்பதற்கு கிரீன் பார்ட் என்று பெயர். சுடாத செங்கல்லை நம்மூர் சூளையில் பச்சைக் கல் என்பார்களே, அதேதான். கையில் எடுத்தால், ஃபவுண்டரியில் வார்ப்புக்குள் குழிவு விழ வைக்கும் மணல் கோரைத் தூக்குவது போலவே இருந்தது. அந்தப் பழக்கத்தில் கொஞ்சம் தைரியமாகவே பெயின்ட் பிரஷ்ஷை வைத்துத் தேய்த்துவிட்டேன். ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனில் மெல்லிய சுவர் மாதிரி நின்ற ரிப் ஒன்று சத்தமே இல்லாமல் உதிர்ந்து விழுந்தது. ஒட்டவைக்க வழியில்லை. இன்னொரு ராத்திரி போச்சு.

இரண்டாவது தடவை பயந்து பயந்து சுத்தம் செய்தேன். அந்தப் பயம்தான் அடுத்த தப்புக்குக் காரணம், அதற்கு வருகிறேன்.

அப்புறம் உலை. அச்சை ஒரு தட்டில் வைத்து, வளையாமல் இருக்கச் சுற்றிலும் அலுமினா பொடியை நிரப்பி, நைட்ரஜனோடு ஹைட்ரஜன் கலந்த வாயுவில் மெதுவாகச் சூடேற்ற வேண்டும். முதலில் பிளாஸ்டிக் எரிந்து போகும். சூடு ஏற ஏற இரும்புத் துகள்கள் ஒன்றையொன்று தொடும் இடங்களில் பற்றிக்கொள்ளும். இப்போது கையில் இருப்பது பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையான இரும்பு. அதன் ஓரத்தில் செம்புத் துண்டுகளை வைத்து 1120 டிகிரி செல்சியஸ் வரை கொண்டுபோனால் செம்பு உருகி, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல ஓட்டைகளுக்குள் தானாக ஏறிவிடும். கடைசியில் கிடைப்பது ஏறக்குறைய 60 சதவீதம் இரும்பு, 40 சதவீதம் செம்பு. செம்பு குறைந்தால் உள்ளே வறண்ட இடம் நிற்கும், கூடினால் வெளியே கட்டியாக வழியும். அதனால் எடை போட்டு, கணக்குப் போட்டு, இன்னொருவரையும் சரிபார்க்கச் சொன்னேன்.

செம்புக் கணக்கு சரியாகத்தான் வந்தது. சொதப்பியது எஜெக்டர் பின் ஓட்டை, வார்த்த கிளிப்பை மோல்டிலிருந்து தள்ளிவிடும் கம்பி போய்வரும் வழி. 3 மில்லிமீட்டர் ஓட்டைக்குள் கொஞ்சம் பொடி ஒட்டியிருந்ததை, ரிப் உதிர்ந்த பயத்தில் நான் குத்தி எடுக்கவில்லை. உலைக்குள் அதுவும் இரும்பாகி, செம்பையும் குடித்து, ஓட்டையைக் கெட்டியாக அடைத்துவிட்டது. ஊசியால் ஒரு நிமிஷத்தில் எடுத்திருக்க வேண்டியதை டிரில் போட்டு அரை நாள் எடுத்தேன். சுருள் சுருளாக வந்த பிசிறு சாம்பலும் செம்பும் கலந்த நிறத்தில் இருந்தது. அதைப் பார்த்தபோதுதான் இது நிஜமாகவே உலோகம் என்று மனசு ஒப்புக்கொண்டது.

இதற்குள் ஜெர்மனியில் வேறு பாதை போட்டிருந்தார்கள். மியூனிக் பக்கத்து ஈஓஎஸ் கம்பெனி 1995-லேயே ஈஓஎஸ்இன்ட் எம் 250 மெஷினைக் கொண்டுவந்துவிட்டது. பின்லாந்தில் எலக்ட்ரோலக்ஸ் உருவாக்கிய, வெண்கலத்தை அடிப்படையாகக் கொண்ட பொடி. அதில் பிளாஸ்டிக் பூச்சு கிடையாது. லேசரே உலோகத்தை ஒட்டும், உலை வேலை இல்லை. அதிலும் நுண்துளைகள் மிஞ்சும், எபாக்ஸி பிசின் ஏற்றி அடைப்பார்கள். அதே ஜெர்மனியில், ஆஹன் நகரத்து ஃபிரான்ஹோஃபர் ஆராய்ச்சி நிறுவன ஆட்கள் பொடியை முழுசாகவே உருக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னாளில் ஜெயித்தது அந்த முழுசாக உருக்கும் வழிதான். எங்கள் செம்பு உலை இடைக்காலத்து ஏற்பாடு. ஆனால் இரும்புப் பொடியில் மோல்ட் செய்ய அன்று எங்களுக்கு இருந்த வழி அது ஒன்றுதான்.

எங்கள் மோல்டின் இரண்டு பாதியையும், எங்கே தொடுகிறது என்று காட்டும் நீல மையைத் தடவிச் சேர்த்துப் பார்த்தால் ஒரு மூலை 0.15 மில்லிமீட்டர் தூக்கி நின்றது. உலையில் சுருங்குவதற்காக கம்ப்யூட்டர் ஃபைலிலேயே அளவைக் கூட்டி வைத்திருந்தோம், ஆனால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரியா சுருங்கும்? கையால் தேய்த்து உட்கார வைத்தேன். லேசருக்கு இரண்டு ராத்திரி, ஆக மொத்தம் 19 நாள். பக்கத்து மெஷினில் இருந்த பெரியவர், தானே பத்து நாளில் குடைந்து கொடுத்திருப்பேன் என்றார். அந்தக் கிளிப்பைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி.

மோல்டை ஏற்றி அடித்தோம். ஒரு முகத்தை மட்டும் பாலிஷ் போடாமல் விட்டிருந்தேன். முதல் கிளிப்பை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால், அந்தப் பக்கம் மட்டும் அடுக்கடுக்காகப் படிக்கட்டு தெரிந்தது. நகத்தால் வருடினால் கரகரவென்றது.