மலையக வீட்டுக் காப்புறுதி: நெருப்புக்கு உண்டு, மண்ணுக்கு உண்டா?

மலையகத்தில் வீடு கட்டுகிறவர் முதலில் மலையை வெட்ட வேண்டியிருக்கிறது. சமதரை இங்கே அரிது என்பதால், சரிவின் ஒரு பகுதியை வெட்டி, வெட்டிய மண்ணை முன்பக்கம் தள்ளி நிரப்பி, அப்படி உண்டாக்கிய மேடையின் மேல்தான் அத்திவாரம் போடுகிறோம். இதனால் வீட்டின் பின்னால் செங்குத்தான மண்மேடும், முன்னால் சரியாக இறுகாத நிரப்பு மண்ணும் காலம் முழுவதும் நிற்கின்றன. ஆனால் அந்த வீட்டுக்கென எடுக்கப்படும் காப்புறுதிப் பத்திரத்தைப் பிரித்துப் பார்த்தால், அது நெருப்பையும் மின்னலையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டிருக்கிறது. அயலவர்கள் சிலருடைய பத்திரங்களை அவர்களோடு உட்கார்ந்து வாசித்த பிறகுதான், இதைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்று தோன்றியது.

இலங்கையில் வீட்டுக் காப்புறுதியின் அடித்தளம் தீக் காப்புறுதிதான். புயல், வெள்ளம், நிலநடுக்கம், கலவரம், மரமோ வாகனமோ வந்து மோதுதல், தண்ணீர்த் தாங்கி வெடித்தல், களவு, மின்னழுத்த மாற்றத்தால் மின்சாதனங்கள் பழுதாதல் ஆகியவை பெரும்பாலும் அதன் மேல் சேர்த்துக்கொள்ளும் மேலதிகக் காப்புகள். ஒவ்வொன்றுக்கும் கட்டணம் சற்றுக் கூடும். மண்சரிவும் நிலம் தாழ்தலும் இந்தப் பட்டியலில் எங்கே நிற்கின்றன என்பதுதான் நமக்கு உயிரான கேள்வி. சில பத்திரங்களில் 'இயற்கை அனர்த்தங்கள்' என்ற ஒரே தலைப்புக்குள் அது அடங்கியிருக்கும். சிலவற்றில் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். வேறு சிலவற்றில் அது விலக்குகளின் பகுதியில் ஒரு வரியாகக் கிடக்கும். பத்திரம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால், முதற்பக்கத்தில் உள்ள தொகையையும் கையொப்பத்தையும் மட்டும் பார்த்துவிட்டு அலுமாரியில் வைத்துவிடுகிறோம். பார்க்க வேண்டியது பின்பக்கங்களைத்தான். லாண்ட்ஸ்லிப், லாண்ட்ஸ்லைட் (மண்சரிவு), சப்சிடன்ஸ் (நிலம் தாழ்தல்) என்ற சொற்கள் அங்கே எந்தப் பகுதியில் வருகின்றன என்று பிள்ளைகளைக் கொண்டாவது தேடிப் பார்க்க வேண்டும். "மழையால்தானே மண் சரிந்தது, வெள்ளத்துக்குக் காப்பு எடுத்திருக்கிறேனே" என்று பிறகு வாதிடுவது கடினம். சுவரை உடைத்தது தேங்கிய தண்ணீரா, நகர்ந்து வந்த மண்ணா என்றுதான் இழப்பு மதிப்பீட்டாளர் பார்ப்பார்.

வங்கிக் கடனில் கட்டிய வீடுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. வங்கி கேட்டுக்கொள்வதால் ஒரு காப்புறுதி இருக்கும். அதனால் வீட்டுக்காரர் நிம்மதியாக இருப்பார். ஆனால் அந்தத் தொகை கடனின் அளவை ஒட்டி வைக்கப்பட்டிருந்தால், அது வீட்டின் பெறுமதியைக் காட்டாது. இன்றைய சீமெந்து, கம்பி, கூலி விலையில் திரும்பக் கட்டுவதற்கு 80 இலட்சம் ரூபாய் தேவைப்படும் வீட்டை 40 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். பின்சுவரும் சமையலறையும் உடைந்து 10 இலட்சம் நட்டம் ஏற்பட்டால், 40 இலட்சம் வரை காப்பு இருக்கிறதே, 10 இலட்சமும் கிடைக்கும் என்று நினைப்போம். விகிதாசார விதி உள்ள பத்திரத்தில் அப்படி நடக்காது. பெறுமதியில் பாதிக்குத்தான் காப்புறுதி செய்தீர்கள், ஆகவே நட்டத்திலும் பாதிதான் என்று 5 இலட்சமாகக் கணக்கிடுவார்கள். அதிலும் 10 சதவீதத்தை உரிமையாளர் தானே ஏற்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தால், கையில் வருவது நாலரை இலட்சம். 2022 இன் பொருளாதார நெருக்கடியில் கட்டடப் பொருட்களின் விலை ஏறிய ஏற்றத்தை நினைத்துப் பாருங்கள். அதற்கு முன்பு குறித்த தொகையை மாற்றாமல் ஆண்டுதோறும் புதுப்பித்து வருகிறவர்கள், வேறு எதற்கும் முன்பாக இதைத் திருத்தியாக வேண்டும்.

தொகை சரியாக இருந்து, மண்சரிவும் காப்பில் அடங்கியிருந்தாலும் ஒரு பெரிய குறை மிஞ்சுகிறது. காப்புறுதி கட்டடத்துக்குத்தான், நிலத்துக்கு அல்ல. தீயில் எரிந்த வீட்டை அதே இடத்தில் மறுபடி கட்டிவிடலாம். மண்சரிவிலோ, வீடு நின்ற 10 பேர்ச்சஸ் காணியும் வீட்டோடு போய்விடுகிறது, அல்லது இனிமேல் இங்கே குடியிருக்கக் கூடாது என்று அறிவிக்கப்பட்டுவிடுகிறது. கட்டுவதற்குப் பணம் கிடைக்கலாம், கட்டுவதற்கு இடம் இராது. அதே போல, வீட்டில் ஒரு கீறலும் விழாமல் இருக்க, மேலே உள்ள சரிவு ஆபத்தானது என்று சொல்லிக் குடும்பத்தை நிரந்தரமாக வெளியேறச் சொல்வதும் நம் பகுதிகளில் நடக்கிறது. சேதம் ஏற்பட்டால்தான் இழப்பீடு என்பது காப்புறுதியின் அடிப்படை என்பதால், அந்தக் குடும்பம் கோரிக்கை வைக்க வழியே இல்லை. தற்காலிக வாடகைச் செலவைத் தரும் மேலதிகக் காப்பும் பொதுவாக, காப்பில் அடங்கிய ஓர் அனர்த்தத்தால் வீடு குடியிருக்க முடியாமல் போன பிறகுதான் உதவும். எவ்வளவு நல்ல பத்திரம் எடுத்தாலும், காணி வாங்கும்போது செலவழிக்கும் கவனத்துக்கு அது ஈடாகாது என்று நான் சொல்வது இதனால்தான்.

அந்தக் கவனத்துக்குத் துணையாக இருப்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். மண்சரிவு அபாயமுள்ளவையாக அடையாளம் காணப்பட்ட மாவட்டங்களில் நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை, இரத்தினபுரி, கேகாலை ஆகிய எல்லாமே அடங்குகின்றன. அபாயப் பகுதிகளில் கட்டட அனுமதி கேட்கும்போது உள்ளூராட்சி சபை இந்நிறுவனத்தின் அறிக்கையைக் கேட்கும். அதை அலைச்சல் என்று பலர் அலுத்துக்கொள்கிறார்கள். எனக்கோ, வீட்டைப் பற்றிய ஆவணங்களில் காணி உறுதிப் பத்திரத்துக்கு அடுத்தபடியாக மதிக்க வேண்டியது அந்த அறிக்கைதான் என்று படுகிறது. மேலிருந்து வரும் தண்ணீர் எந்தக் கானால் போக வேண்டும், மண்மேட்டை எவ்வளவு சரிவாக வெட்ட வேண்டும், தாங்குச் சுவர் எங்கே வேண்டும் என்றெல்லாம் அதில் நிபந்தனைகள் இருக்கும். காப்புறுதிக்கு விண்ணப்பிக்கும்போது இந்த அறிக்கையை மறைக்கக் கூடாது. ஆபத்து இருப்பதை அறிந்தும் சொல்லாமல் விட்டதாகத் தெரியவந்தால், கோரிக்கையை நிராகரிக்க நிறுவனத்துக்கு அதுவே போதுமான காரணமாகிவிடும். அனுமதி பெறாமல் பின்னால் இழுத்துக் கட்டிய அறைகளுக்கும் இந்தச் சங்கடம் உண்டு.

மழைக்காலமும் எல்லாருக்கும் ஒன்றல்ல. ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கத்தில் தென்மேல் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில் மண் ஊறுவதோடு, காற்று தகரக் கூரைகளையும் பெயர்க்கிறது. அங்கே புயல் காப்பு இன்றியமையாதது. பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கத்தில் ஒக்டோபருக்குப் பிறகுதான் உண்மையான பயம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது இந்தப் பிரிவினையும் செல்லாமல் போனது. கண்டி, நுவரெலியா, பதுளை எல்லாம் ஒரே நாட்களில் சரிந்தன. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் அவதானம், 100 ஐத் தாண்டினால் தயார்நிலை, 150 ஐத் தாண்டினால் வெளியேற்றம் என்பதே ஆராய்ச்சி நிறுவனம் பின்பற்றும் பொது அளவுகோல். அதற்கு முன்பே மலை சில அடையாளங்களைக் காட்டும். மேட்டின் உச்சியில் பிறை வடிவில் நிலம் பிளந்து, விரல் நுழையுமளவுக்கு இடைவெளி தெரியும். நேராக நின்ற சவுக்கு மரமும் விளக்குக் கம்பமும் ஒரே பக்கம் சாயும். தெளிவாக வந்த ஊற்று கலங்கி வரும், அல்லது திடீரென்று நின்றுபோகும். நேற்று வரை சரியாகச் சாத்திய கதவு நிலையில் இடிக்கும். இவற்றைக் கண்டவுடன் வெளியேறுவதும் கிராம உத்தியோகத்தருக்கு அறிவிப்பதும் முதல் வேலை. திகதி தெரியும்படி கைத்தொலைபேசியில் எடுத்த படங்கள் பிறகு கோரிக்கைக்கும் உதவும்.

நிலம் தாழ்வதற்கு மழை மட்டுமே காரணம் அல்ல. உமா ஓயா நீர்த் திட்டத்தின் சுரங்கம் தோண்டப்பட்டபோது, 2014 இன் இறுதியில் நிலத்தடி நீர் சுரங்கத்துக்குள் பெருக்கெடுத்தது. பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின, வீடுகளின் சுவர்கள் வெடித்தன. இத்தகைய மெதுவான வெடிப்புக்குச் சாதாரணத் தீக் காப்புறுதியில் இடமில்லை. அந்த மக்கள் இழப்பீட்டுக்காக அரசிடமே போராட வேண்டியிருந்தது.

இவ்வளவும் காணி உறுதி உள்ளவர்களின் கதை. தோட்டத் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்புகளான லயன்களில் வாழும் குடும்பங்களின் நிலை இதிலிருந்து முற்றிலும் வேறு. தோட்டக் காணி அரசுக்குச் சொந்தமானது. 1992 முதல் பெருந்தோட்டக் கம்பனிகள் அதை நிர்வகிக்கின்றன. நான்கு தலைமுறையாக அதே காம்பராவில் (லயன் அறையில்) இருப்பவருக்கும் அதன் மேல் உரித்து இல்லை. சட்டப்படி தனக்கு உரித்தோ நலனோ உள்ள பொருளைத்தான் ஒருவர் காப்புறுதி செய்ய முடியும் என்பதால், கட்டணம் கட்ட வசதியிருந்தாலும் அவருக்கு அந்தக் கதவு திறப்பதில்லை. 2014 ஒக்டோபர் 29 காலை பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் போனபோது, அந்த இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை ஏற்கெனவே இருந்தது. போவதற்கு வேறு இடம்தான் இருக்கவில்லை. தீயும் அப்படித்தான். ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருக்கும் காம்பராக்களில் ஒன்றில் மின்கசிவு ஏற்பட்டால் முழு லயனும் எரிந்துவிடுகிறது. 7 பேர்ச்சஸ் காணியில் தனிவீடு பெற்றவர்கள், தங்கள் கையில் இருப்பது முறையான உறுதிதானா, வெறும் கடிதமா என்று இப்போதே பார்த்துக்கொள்வது நல்லது. வீட்டின் மேல் உரித்து இல்லாவிட்டாலும் உள்ளே இருக்கும் தொலைக்காட்சி, குளிர்சாதனப் பெட்டி, நகை, தளபாடம் ஆகியவை குடும்பத்தின் சொந்தப் பொருட்கள். அவற்றை மட்டும் காப்புறுதி செய்ய முடியுமா என்று முகவரிடம் கேட்கலாம். தோட்டத்துக்கு வரும் முகவர்கள் ஆயுட் காப்புறுதியைப் பற்றியே பேசுவதால் இந்தக் கேள்வி எழுவதேயில்லை.

அரசு 2016 இல் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் மூலம் இயற்கை அனர்த்தக் காப்புறுதியொன்றைத் தொடங்கி, மக்களிடம் கட்டணம் வாங்காமல் ஒரு வீட்டுக்கு 25 இலட்சம் ரூபாய் வரை உச்ச வரம்பு வைத்தது. அது நல்ல முயற்சி. ஆயினும் வரம்பும் நிபந்தனைகளும் காலத்துக்குக் காலம் அரசின் தீர்மானத்தைப் பொறுத்தவை; பிரதேச செயலகத்தின் மதிப்பீட்டில் பெயர் சேர்ந்தால்தான் எதுவும் நகரும்.

தனியார் காப்புறுதி உள்ளவர்கள் அடுத்த புதுப்பித்தலுக்கு முன் முகவருக்கு எழுத்தில் மூன்று கேள்விகள் அனுப்பட்டும்: மண்சரிவும் நிலம் தாழ்தலும் அடங்குமா, தாங்குச் சுவரும் மதிலும் கட்டடத்தின் பகுதியாகக் கணக்கிடப்படுமா, விகிதாசார விதி எப்படிப் பொருந்தும். வாய்ப்பேச்சில் வரும் "எல்லாம் கவர் ஆகும்" என்ற பதில் கோரிக்கை நாளில் செல்லாது. மின்னஞ்சலோ கடிதமோ செல்லும். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் வேறு நிறுவனத்திடம் கேட்கலாம். கோரிக்கை அநியாயமாக மறுக்கப்பட்டால் முறைப்பாடுகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடமும், இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமும் முறையிடலாம். முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதி, பத்திரத்தின் பிரதியையும் நிறுவனம் மறுத்து அனுப்பிய கடிதத்தையும் இணைத்து, பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.