ஜாடியும் குமிழியும்

நவம்பர் 2
பக்கத்து வீட்டம்மா மூன்று பை ஆப்பிள் கொடுத்தார். ஒன்றில் பிராம்லி, கடித்தாலே பல் கூசும். மற்ற இரண்டும் டாபினெட். இங்கிலாந்தில் ஹெரிஃபோர்டு பக்கம் சைடருக்கென்றே, அதாவது ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்த மதுவுக்கென்றே, வளர்ப்பது. முதலில் தித்திப்பு, அப்புறம் பச்சை வாழைப்பூவைத் தின்ற மாதிரி நாக்கை இழுத்துப் பிடிக்கிற துவர்ப்பு. அவர் வீட்டுப் பிரஸ்ஸில் பிழிந்தோம். சாறு விழும்போதே டீ நிறத்துக்குப் போனது. நாலரை லிட்டர் ஜாடி ரொம்பியது போக ஒரு டம்ளர் மிச்சம். இவர் ஒரு வாய் குடித்துவிட்டு, “வாயில காசு வச்ச மாதிரி இருக்கு” என்றார்.

நவம்பர் 3
சாற்றின் அடர்த்தி காட்டும் மிதவை, ஹைட்ரோமீட்டர், 1.052. சர்க்கரை குறையக் குறைய அமிழும், எண்ணும் இறங்கும். ஈஸ்ட் போடவில்லை. தோலிலும் பிரஸ்ஸிலும் ஒட்டியிருப்பதே போதுமாம். இட்லி மாவுக்கு யார் ஈஸ்ட் போட்டார்கள்?

நவம்பர் 6
ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து போனும் வரவில்லை.

நவம்பர் 8
ராத்திரி பழுப்பு நுரை பொங்கி மூடியின் வளைகுழாயை அடைத்துவிட்டது. கழுவி மாட்டினேன். நிமிடத்துக்கு 22 குமிழி. பாய்லர் அலமாரியில் மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

நவம்பர் 9
24.

நவம்பர் 13
அழுகின முட்டை நாற்றம். ஈஸ்ட்டுக்குச் சத்து போதாவிட்டால் கந்தக வாடை வருமாம். இவருக்கு எந்த வாடையும் ஆகவில்லை; ஜாடியைக் கராஜுக்கு மாற்றினேன்.
கடைச் சாற்றில் இஞ்சி கலந்து கொடுத்தேன், எரிகிறது என்றார். எலுமிச்சை, வாய்ப்புண்ணில் பட்டுத் துடித்துவிட்டார். கடைசியில் ஒரு சிட்டிகை உப்பு. உப்பு கசப்பை அமுக்கும். “இது பரவாயில்ல.” முழு டம்ளர்!

நவம்பர் 21
1.012. ஒரு ஸ்பூன் எடுத்து ருசித்தேன். இனிப்பு போனதும் ஆப்பிளும் போய்விட்டது. மணம் லேசாக இருக்கிறது, ஆனால் நாக்கு நம்ப மறுக்கிறது. ஏதோ புதிதாகப் புளித்துவிட்டது என்று நினைத்தேன். அப்படியில்லை, இந்தப் புளிப்பு முதல் நாளே இருந்ததுதான். சர்க்கரை அதை மறைத்துக்கொண்டிருந்தது. இப்போது புளிப்பும் துவர்ப்பும் மட்டும் வெறுமனே நிற்கின்றன. இவரிடம் சொன்னேன். “ஓ, உனக்கும் இப்ப அப்படித்தானா” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டிசம்பர் 1
நிமிடத்துக்கு ஒரு குமிழி. போன் இல்லை, கடிதம் வந்தது. 19ஆம் தேதி.

டிசம்பர் 10
1.000. வேறு ஜாடிக்கு வடித்தேன். அடியில் விரல்கனத்துக்கு மண்டி. கழுத்தில் காற்று நின்றால் வினிகராகிவிடும் என்று கடைச் சாறு ஊற்றி நிரப்பினேன். பக்கத்து வீட்டம்மா ருசித்துவிட்டு முகம் சுளித்தார். ஏப்ரல் வரை தொடாதே, வெயில் ஏறினால் ஆப்பிளின் புளிப்பான மாலிக் அமிலம் லாக்டிக் அமிலமாகும், புளிப்பு தணியும் என்றார். லாக்டிக் என்றால் தயிரில் இருப்பது. அது எனக்குப் புரிகிறது. ஏப்ரல் என்று எப்படி இவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறார்?

டிசம்பர் 18
கராஜில் டார்ச் அடித்து ஐந்து நிமிடம் பார்த்தேன். குமிழி இல்லை. உப்பு தீர்ந்துவிட்டது, காலையில் கிளம்புவதற்குள் வாங்க வேண்டும்.