தங்கையின் மறுமணத்துக்கு முன் தேடிய தாள்

சென்ற ஆவணியில் தக்கலைக்கு அருகே உள்ள எங்கள் குடும்பக் கோயிலில் என் தங்கைக்கு மறுமணம் நடந்தது. அதற்கு முந்தைய நான்கு மாதங்களும், அவளுடைய முதல் திருமணம் சட்டப்படி முடிந்துவிட்டது என்பதைக் காட்டும் ஒரு தாளைத் தேடுவதிலேயே எங்களுக்குக் கழிந்தன.

மணமுறிவு கிடைத்தது 2014இல். எதிர்த்தரப்பு வராததால் ஒருதலைப்பட்சமாக வந்த தீர்ப்பு அது. வக்கீல் தந்த ஜெராக்ஸை, "இந்த எழவு வீட்டுக்குள்ள இருக்கப்பிடாது மக்ளே" என்று சொல்லி அம்மா அடுப்பில் போட்டுவிட்டார். மகள் பட்ட பாட்டைக் கூடவே இருந்து பார்த்தவர் அவர். அவரை நான் குறைசொல்ல மாட்டேன்.

புது மாப்பிள்ளையின் அண்ணன் தீர்ப்பின் நகலைக் கேட்டபோது எங்கள் வீட்டில் சிலருக்கு மனம் புண்பட்டது. அவர் கேட்டதே சரி என்பது என் எண்ணம். முதல் திருமணம் நீடிக்கும்போது செய்யும் இரண்டாவது திருமணம் 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டப்படி செல்லாது. இப்போதைய குற்றவியல் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 82ஆம் பிரிவு அதற்கு 7 ஆண்டு வரை சிறைத் தண்டனையும் விதிக்கிறது.

முத்திரைத்தாளில் இருவரும் கையெழுத்திட்டுப் பிரிந்தால் போதும் என்று எங்கள் பக்கத்தில் இன்னும் பலர் நம்புகிறார்கள். எங்கள் கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த காலத்தில், நாயர் சமூகத்துக்கான 1925ஆம் ஆண்டு நாயர் சட்டம் பதிவு செய்த ஆவணத்தின் மூலம் மணத்தை முறித்துக்கொள்ள இடம் தந்தது. வழக்கத்தாலோ தனிச்சட்டத்தாலோ கிடைத்த இத்தகைய உரிமையை இந்து திருமணச் சட்டத்தின் 29ஆம் பிரிவும் காப்பாற்றுகிறது. ஆனால் அது தமக்குப் பொருந்தும் என்பதை, அப்படிச் சொல்பவர்தான் நிரூபிக்க வேண்டும். கிறிஸ்தவர்களிலும், திருச்சபை நீதிமன்றம் திருமணத்தைச் செல்லாது என்று அறிவித்தால் அதுவே போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. அதற்குச் சட்டப்படி மணமுறிவின் பலன் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1996இலேயே கூறிவிட்டது.

எங்களிடம் வழக்கு எண்கூட இல்லை, வக்கீலும் காலமாகிவிட்டார். நீதிமன்ற வழக்கு விவரங்களைத் தரும் ஈ-கோர்ட்ஸ் இணையதளத்தில் தங்கையின் பெயரை மூன்று விதமான எழுத்துக்கூட்டலில் தட்டிப் பார்த்த பிறகுதான் வழக்கு தென்பட்டது. பின்னர் நகல் மனு போட்டோம். பழைய கட்டு கிடைக்கவில்லை என்று இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். ஒவ்வொரு முறையும் தங்கை வேலைக்கு விடுப்பு எடுத்து வந்து, முன்பின் தெரியாதவர்களிடம் தன் கதையைச் சொல்ல வேண்டியிருந்தது. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

காரணங்களை விளக்கும் தீர்ப்புரை, முடிவை முறைப்படி சொல்லும் தீர்ப்பாணை இரண்டுக்கும் சான்றிட்ட நகல் வாங்கினோம். தீர்ப்பு வந்தவுடன் மறுமணம் செய்துவிட முடியாது. மேல்முறையீட்டுக்கான 90 நாள் கழிய வேண்டும். எங்களுக்கு அது எப்போதோ கழிந்திருந்தாலும், ஒருதலைப்பட்சத் தீர்ப்பை நீக்கக் கோரும் மனு ஏதும் நிலுவையில் உள்ளதா என்று மாப்பிள்ளை வீட்டு வக்கீல் கேட்டார். அப்படி எதுவும் இல்லை என்பதையும் பார்த்துச் சொன்னோம்.

தமிழ்நாட்டில் திருமணத்தை 90 நாளுக்குள் பதிய வேண்டும். தாமதக் கட்டணத்தோடு மேலும் 60 நாள் உண்டு. தங்கையின் திருமணத்தை மூன்றாம் வாரமே பதிந்துவிட்டோம். சான்றிட்ட நகல்களில் இரண்டு படி வாங்கியிருந்ததால் ஒன்றை அவள் கொண்டுபோனாள். மற்றொன்றை அம்மாவே கேட்டு வாங்கி, நிலப் பத்திரங்களோடு பீரோவில் வைத்துக்கொண்டார்.