ஒரு கல்மேசைக்காக ஆறு வாரம்

என் மூன்றாவது குறும்படத்தின் படப்பிடிப்பு போன மாதம் ஏறக்குறைய முடிந்தது. 18 நிமிடப் படம், குழுவில் எட்டுப் பேர். பணம் முழுக்க, சிங்கப்பூரின் வசந்தம் தொலைக்காட்சித் தொடர்களுக்கு வசனம் எழுதிச் சேர்த்தது. கதை எழுதுவதும் நடிகர்களைப் பிடிப்பதும் சுலபமாகவே முடிந்தன. என்னை அலைக்கழித்தது ஒரே ஒரு வாய்ட் டெக் காட்சிதான், அதாவது அடுக்குமாடிக் கட்டடத்தின் திறந்த கீழ்த்தளத்தில் நடக்கும் காட்சி.

கீழ்த்தளத்துக் கல்மேசையில் அம்மாவும் மகளும் பேசுகிறார்கள். பேச்சு முற்றி, மகள் எழுந்து எதிர் புளோக்குக்கு (எதிர் அடுக்குமாடிக் கட்டடத்துக்கு) போய்விடுகிறாள். எழுதும்போது மூன்று வரி. ஆனால் கீழ்த்தளம் நகர மன்றத்தின் பொறுப்பு, நடுவில் உள்ள சாலை நிலப் போக்குவரத்து ஆணையத்தின் பொறுப்பு. கொஞ்சம் தள்ளி நடக்க வைத்தால் பூங்கா இணைப்புப் பாதை வந்துவிடும், அதற்குத் தேசியப் பூங்காக் கழகத்தைக் கேட்க வேண்டும்.

இரண்டு புளோக் எண்களையும் ஒரே படிவத்தில் எழுதி நகர மன்ற அலுவலகத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன். துணைக்குத் தம்பி வந்திருந்தான். ஒரு மணி நேரம் காத்திருந்த பிறகு அழைத்த அலுவலர், படிவத்தைப் பார்த்துவிட்டு எல்லாக் கேள்வியையும் அவனிடமே கேட்டார். எத்தனை விளக்கு, எத்தனை மணி வரை, யார் பொறுப்பு? “படத்தை இயக்குவது நான், கதையும் என்னுடையது” என்று இரண்டு தடவை சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் அவனைப் பார்த்தே பேசினார். படிவத்தில் இயக்குநர் என்ற இடத்தில் என் பெயர்தான் இருந்தது. நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு எரிகிறது.

கடைசியில், எதிர் புளோக் தங்களுடையது இல்லை, அந்தச் சாலையோடு தங்கள் எல்லை முடிகிறது என்று படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பொதுப் பொறுப்புக் காப்புறுதி, அதாவது படப்பிடிப்பால் யாருக்காவது காயமோ சேதமோ வந்தால் ஈடுகட்டும் காப்புறுதி, அதற்கான தாளும் இல்லை என்றார். அரை நாள் சம்பளம் போனதுதான் மிச்சம்.

தயவுசெய்து இதைச் செய்யுங்கள்: லிஃப்ட் பக்கத்து அறிவிப்புப் பலகையில் எந்த நகர மன்றம் என்று போட்டிருக்கும். அதைப் படம் பிடித்துக்கொண்ட பிறகு படிவத்தைத் தொடுங்கள். காப்புறுதியை முதலிலேயே வாங்கிவிடுங்கள். கதைச் சுருக்கத்தில் நான் அம்மாவின் தனிமையைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அவர்களுக்கு வேண்டியது அது இல்லை. எத்தனை பேர், எங்கே வயர் போகும், யாராவது கத்துவார்களா, எப்போது இடத்தைக் காலி செய்வீர்கள், இவ்வளவுதான். இரண்டாவது முறை அப்படியே எழுதினேன். கேள்வி இல்லாமல் அனுமதி வந்தது.

படப்பிடிப்பன்று காலை 7 மணிக்குப் போனால் கீழ்த்தளம் முழுக்கத் திரை கட்டி, வட்ட மேசைகள் போட்டிருந்தார்கள். முந்தின நாள் இரவு மேல்மாடியில் ஒரு பாட்டி இறந்துவிட்டாராம். அவர் மகன் வந்து மன்னிப்புக் கேட்டபோது எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. துக்க வீட்டில் போய் அனுமதித் தாளைக் காட்ட முடியுமா? இனி எந்த வாய்ட் டெக் காட்சிக்கும் இரண்டாவது இடம் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்வேன்.

அம்மாவாக நடித்த மேடை நாடகக்காரர் அந்த ஒரு நாள்தான் விடுப்பு எடுத்திருந்தார். கோப்பிக்கடையில் உட்கார்ந்து நாற்பது நிமிடத்தில் காட்சியை அடுப்படிக்கு மாற்றி எழுதினேன். ஒளிப்பதிவாளரின் அத்தை தன் வீட்டைத் திறந்துவிட்டார். கல்மேசையில் ஐந்து நிமிடம் பேசியது, வெங்காயம் உரித்தபடி இரண்டு நிமிடத்தில் முடிந்தது. முன்பு எழுதியதைவிட இதுதான் உண்மையாக இருக்கிறது. எழுதுவதும் இயக்குவதும் ஒரே ஆளாக இருந்ததால் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

ஒரு தப்பு நடந்தது. பக்கத்து வீட்டில் ஒலி 96.8 வானொலி ஓடிக்கொண்டிருந்ததை யாருமே கவனிக்கவில்லை. நல்ல டேக் ஒன்றில் வசனத்துக்குக் கீழே சினிமாப் பாட்டு கேட்கிறது. அதை வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் பாடல் உரிமையும் ஒலிப்பதிவு உரிமையும் தனித்தனியாக வாங்க வேண்டும். என் பட்ஜெட்டுக்கு அது நடக்காது. ஆகவே வரும் சனிக்கிழமை அம்மாவாக நடித்தவர் டப்பிங்குக்கு வருகிறார். கல்மேசையை மட்டும் தனியாக எடுக்கப் புதுத் தேதி கேட்டிருக்கிறேன். நேற்று வேறோர் அலுவலர் அழைத்து, “இயக்குநர் நீங்கள்தானே?” என்று என்னிடமே கேட்டார்.