நீர் பனிக்குள்ள வாகனம் ஓடினனீரோ?

டயர் கேட்டு எழுதிய ஒரு ஐயா என்னிடம் கேட்ட கேள்வி இது. உண்மையைச் சொன்னேன். அதனாலேயே அந்த ஐயா நான் சொன்ன டயரை விட்டுவிட்டு வேறொன்றை வாங்கினார். ஒரு சின்னப் பொய் சொல்லியிருந்தால் என் பேச்சைக் கேட்டிருப்பார் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். போன மாரியில் நடந்த விஷயம். மனம் இன்னும் அதைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

எங்கள் வேலை எப்படிப்பட்டது என்று இதை வாசிக்கும் பலருக்குத் தெரியும். டயர் கடை கனடாவில், வாட்ஸ்அப்பில் பதில் எழுதும் நாங்கள் திருகோணமலையில். அங்கே ஒருவர் இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு போனை எடுத்தால் இங்கே விடிந்து ஆறரை. எங்கிருந்து எழுதுகிறோம் என்று யாராவது கேட்டால் பேச்சை வேறு பக்கம் திருப்ப வேண்டும் என்பது கடையின் ஏற்பாடு. பொய் சொல்லும்படி யாரும் சொன்னதில்லை. ஆனால் பேச்சைத் திருப்புவதற்கும் பொய்க்கும் நடுவில் அவ்வளவு இடம் இல்லை என்று அன்றைக்குத் தெரிந்தது.

அந்த ஐயா இருப்பது ஒன்ராறியோவின் வடக்கே, சட்பரிக்கும் அப்பால். நாலு சக்கரமும் இழுக்கும் பிக்கப் வைத்திருக்கிறார். கிழமை நாட்களில் நெடுஞ்சாலையால் வேலைக்குப் போய்வருவார். சனி, ஞாயிறுகளில் பனி தள்ளும் வண்டி எட்டியும் பார்க்காத ஒரு காட்டுப் பாதையால் ஏரிக்கரையில் உள்ள மரவீட்டுக்குப் போவார். முந்தின வருடம் அந்தப் பாதையில் புதைந்து பாதி நாள் கிடந்தாராம். அதனால் 35 அங்குல உயரமும் 12.5 அங்குல அகலமும் உள்ள சேற்று டயர் நாலு வேண்டும் என்று கேட்டார். கடையில் அந்த அளவில் ஒரு செற் விற்காமல் கிடந்தது. ‘இருக்கிறது ஐயா’ என்று எழுதியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும்.

நான் கேட்டேன்: “பனி எவ்வளவு ஆழம் ஐயா? அதற்குக் கீழே என்ன இருக்கிறது?”

இந்தக் கேள்வி எனக்கு மாமாவின் டயர் கடையில் நின்ற காலத்தில் வந்தது. நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டைப் பக்கம் மீன் ஏற்றும் கெப்காரர்கள் மணலுக்குள் இறங்குமுன் காற்றைக் குறைப்பார்கள். காற்றழுத்தம் 35 பிஎஸ்ஐயில் இருந்து 18க்கு, சிலர் 15க்கு. காற்றுக் குறைந்த டயர் அகலத்தில் கொஞ்சமும் நீளத்தில் கூடுதலாகவும் நிலத்தில் படியும். பாரம் பரவும். கடல்மணலுக்கு அடி கிடையாது, சக்கரம் தோண்டத் தோண்டப் போய்க்கொண்டே இருக்கும், ஆகவே மேலே நிற்கத்தான் வழி பார்க்க வேண்டும். வெருகல், ஈச்சிலம்பற்றுப் பக்கம் மாரியில் கதை வேறு. மேலே வழுக்குகிற சேறு, கீழே இறுகின கிரவல். அங்கே அகல டயர் சேற்றின் மேல் சறுக்கிக்கொண்டு கானுக்குள் போகும். ஒடுங்கின டயர் சேற்றை வெட்டிக்கொண்டு இறங்கிக் கிரவலைப் பிடிக்கும்.

பனிக்கும் இதே கணக்குத்தான் என்று இந்த வேலைக்கு வந்த பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். வீதியில் ஒரு சாண் பனி கிடந்தால் ஒடுங்கின டயர் அதை வெட்டி வீதியைத் தொடும். குளிர்காலத்துக்கு ஒரு அளவு ஒடுக்கமான டயரைப் பலர் போடுவது அதனால்தான். பனி வாகனத்தின் வயிற்றைத் தொடும் அளவுக்கு ஏறிவிட்டால் வெட்டி இறங்குவதே ஆபத்து. சக்கரம் கீழே இறங்க இறங்க அச்சும் அடிச்சட்டமும் பனியின் மேல் உட்கார்ந்துவிடும். நாலு சக்கரமும் சுற்றும், வாகனம் அசையாது. ஐஸ்லாந்துக்காரர்கள் பனியாறுகளின் மேல் போவதற்கு 38, 44 அங்குல டயர்களைப் போட்டு, தேவைப்பட்டால் காற்றை 5 பிஎஸ்ஐக்கும் கீழே இறக்குகிறார்கள். 2007இல் வட காந்த முனைப் பயணத்துக்குப் போனது அப்படி மாற்றிக் கட்டிய டொயோட்டா ஹைலக்ஸ்தான். எங்கள் கரையில் மீன்பெட்டி ஏற்றும் அதே ஹைலக்ஸ். அதை முதலில் படித்தபோது எனக்கு உண்டான சந்தோஷத்தை இங்கே யாரிடமும் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை.

அப்படியென்றால் ஐயா கேட்ட அகல டயர் சரிதானே என்று கேட்கலாம். நான் தயங்கியது காட்டுப் பாதைக்காக அல்ல, நெடுஞ்சாலைக்காக. காட்டுப் பாதை அவருக்கு வார இறுதியில் சில கிலோமீற்றர். மற்ற நாள் எல்லாம் இறுகின பனியும் கண்ணாடி போன்ற ஐஸும் படிந்த தார் வீதி. சேற்று டயரின் மேற்பரப்பில் உள்ள பெரிய ரப்பர்க் கட்டைகள் தளர்ந்த பனியை வாரி எறியும், அது உண்மை. இறுகின பனியிலோ பிடிப்பைத் தருவது கட்டைகளின் முகத்தில் கீறியிருக்கும் மெல்லிய வெட்டுகள். சேற்று டயரில் அவை குறைவு. ரப்பரும் அப்படித்தான். சாதாரணக் கலவை 7 பாகை செல்சியஸுக்குக் கீழே இறுகத் தொடங்கும், பனிக்கால டயரின் கலவை குளிரிலும் இளக்கமாக இருக்கும். அதன் பக்கச்சுவரில் மூன்று சிகர மலையும் அதற்குள் ஒரு பனிப்பூவும் பொறித்திருக்கும். சேறு, பனி என்பதைக் குறிக்கும் எம், எஸ் என்ற எழுத்துகள் மட்டும் உள்ள டயர் பனியில் சோதித்துத் தேறியது என்று அர்த்தம் இல்லை. கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் சட்டப்படி கட்டாயம். ஒன்ராறியோவில் அந்தச் சட்டம் இல்லாததால் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாலு சக்கரமும் இழுத்தால் புறப்படத்தான் உதவும், பிரேக் பிடிக்கும்போது அது கைகொடுக்காது என்பதையும் சேர்த்து.

சரி, இதையெல்லாம் எழுதினேன். 265 மில்லிமீற்றர் அகலத்தில் மலை அடையாளம் உள்ள பனிக்கால டயர் நாலு போடுங்கள். காட்டுப் பாதை தொடங்கும் இடத்தில் காற்றை 18க்கு இறக்குங்கள், புதைகிற மாதிரி இருந்தால் 15. பன்னிரண்டுக்குக் கீழே வேண்டாம், சாதாரண ரிம்மில் வளைக்கும்போது டயரின் விளிம்பு கழன்றுவிடும். ஒரு சின்னக் கொம்பிரசர் வண்டியில் இருக்கட்டும், நெடுஞ்சாலையில் ஏறுமுன் மறுபடி நிரப்புங்கள். சூடான கராஜுக்குள் 20 பாகையில் 35 பிஎஸ்ஐ வைத்த டயர் வெளியே மைனஸ் 20இல் 28க்கு வந்துவிடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது உள்ள அளவில் இருந்து 35 அங்குலத்துக்கு மாறினால் அச்சு உயர்வது 1.7 அங்குலம்தான், டயரின் உயரம் கூடுவதில் பாதி.

அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது: “தம்பி, நீர் பனிக்குள்ள வாகனம் ஓடினனீரோ?”

கோபமாகக் கேட்டதாகத் தெரியவில்லை. உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டார். இப்படிக் கேட்டால் எழுதுவதற்கு எங்களிடம் ஒரு வரி தயாராக இருக்கிறது: ‘பனியில் பல வருடம் ஓடியவர்கள் எங்கள் கடையில் இருக்கிறார்கள்.’ அதில் பொய் ஒன்றும் இல்லை. அங்கே டயர் பூட்டும் ஆட்கள் எல்லோரும் பனியில் ஓடுகிறவர்கள்தான். அந்த வரியைத் தட்டச்சும் செய்தேன். பிறகு அழித்தேன். அவர் கேட்டது கடையை அல்ல, என்னை. ‘நீர்’ என்று கேட்டவருக்கு ‘அவர்கள்’ என்று பதில் எழுத விரல் வரவில்லை.

“இல்லை ஐயா. நான் திருகோணமலையில் இருந்து எழுதுகிறேன். பனியைக் கண்ணால் கண்டதில்லை. மணலிலும் சேற்றிலும் ஓடியிருக்கிறேன்” என்று எழுதினேன்.

இரண்டு நீலக் கோடுகள். வெகு நேரம் கழித்து ஒரு பதில்: “சந்தோசம் தம்பி. உண்மையைச் சொன்னீர்.”

மறுநாள் கடையின் இணையப் பக்கத்தில் அவருடைய ஓடர் விழுந்தது. அந்த 35 அங்குலச் சேற்று டயர், நாலு.

முதலாளி போன் எடுத்தார். கோபத்தில் இல்லை, தேங்கிக் கிடந்த சாமான் போய்விட்டதே. “தம்பி, அந்தாளுக்கு நீர் நல்லதைத்தான் சொன்னீர்” என்றார். “ஊரைச் சொன்னதால அந்த நல்லது கெட்டுப்போச்சு. இதால ஆருக்கு லாபம், சொல்லும் பாப்பம்?”

“அவர் நேராக என்னைக் கேட்டார் அண்ணா” என்றேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் வரவில்லை. இப்போதும் வருவதில்லை.

என் பக்க நியாயம் இது: தன் உயிரையும் பக்கத்தில் இருப்பவர்களின் உயிரையும் ஏற்றிக்கொண்டு போகிற ஒருவர், சொல்கிறவன் யார் என்று கேட்கிறார். அது தெரிந்துகொள்ள அவருக்கு முழு உரிமை இருக்கிறது. நான் மறைத்து, அவர் என் சொல்லை நம்பி, ஏதாவது ஆகியிருந்தால் என்னால் தூங்கியிருக்க முடியாது.

ஆனால் அந்த நியாயம் நிற்கிற மாதிரித் தெரியும்போதே சறுக்குகிறது. 7 பாகையில் ரப்பர் இறுகுவது யார் சொன்னாலும் இறுகும். சொன்னவன் பனியைக் கண்டானா இல்லையா என்பது டயருக்குத் தெரியாது. என் பதில் அவருக்குத் தந்தது என்னைப் பற்றிய ஒரு தகவலை. அவரிடமிருந்து எடுத்தது வீதியில் நின்று பிடிக்கக்கூடிய நாலு டயரை. என் மனச்சாட்சிக்கு நான் செலுத்த வேண்டியதை அவரல்லவா கட்டினார் என்று சில இரவுகளில் தோன்றுகிறது.

வேறு சில நேரம், அவர் சரியாகத்தான் வாங்கினாரோ என்றும் தோன்றும். பனிக்குக் கீழே என்ன இருக்கிறது என்ற என் கேள்விக்கு அவர் பதில் சொல்லவே இல்லை. நானும் பதில் வருமுன்னே ஆலோசனையை எழுதத் தொடங்கிவிட்டேன். அந்தப் பாதையில் இடுப்பளவு தளர்பனி கிடந்தால், அகல டயரைப் போட்டுக் காற்றை இறக்குவதுதான் வழி. பாதி நாள் அதற்குள் கிடந்தவர் அவர். மணல் எனக்குச் சொல்லித் தராதது பனியில் இருக்கிறது என்பதும் உண்மை. மணலில் சக்கரம் சுற்றினால் குழி விழும், அவ்வளவுதான். பனியில் சக்கரம் சுற்றினால் அடியில் உள்ள பனி உருகி, மறுபடி உறைந்து, ஐஸாகப் பளபளத்துவிடும், அதன் பிறகு எந்த டயரும் கஷ்டப்படும். மத்தியானம் இளகினது இரவில் இறுகும். இதையெல்லாம் நான் வாசித்திருக்கிறேன். காலால் மிதித்தவனுக்கு இதில் எது முந்தி நினைவுக்கு வரும், எது பிந்தி வரும் என்று எனக்கு எப்படித் தெரியும்? அவர் கேட்டது அதைத்தானே.

டயர் போய்ச் சேர்ந்த பிறகு முதலாளியிடம் கேட்டுக்கொண்டு இன்னொரு செய்தி அனுப்பினேன். அந்த டயரில் இறுகின பனியில் நிற்க அதிக தூரம் எடுக்கும், முன் வாகனத்துக்கு இடைவெளி கூட விடுங்கள், காட்டுப் பாதையில் காற்றைக் குறைக்க மறக்காதீர்கள் என்று. நீலக் கோடுகள் வந்தன. பதில் வரவில்லை. டயரைத் திருப்பி அனுப்பவும் இல்லை, முறைப்பாடும் இல்லை. அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

பெப்ரவரியில் ஒரு அக்கா கிட்டத்தட்ட அதே கேள்வியைக் கேட்டார். இந்த முறை தயாராக இருந்த வரியை அனுப்பினேன். பனியில் பல வருடம் ஓடியவர்கள் எங்கள் கடையில் இருக்கிறார்கள். அவர் மேலே எதுவும் கேட்கவில்லை. நான் சொன்ன பனிக்கால டயரையே வாங்கினார். நெடுஞ்சாலையில் அவருக்கு அது நிச்சயம் நல்லது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முதலாளி சொன்ன கணக்கின்படி எல்லோருக்கும் லாபம். அப்படியிருந்தும் அந்த வரியை மறுபடி எழுத எனக்கு மனம் இல்லை. ஐயாவுக்குச் சொன்ன பதிலை மறுபடி சொல்லத் துணிவும் இல்லை.

ஒக்டோபரில் பனிக்கால டயர் கேட்டு மறுபடி செய்திகள் வரத் தொடங்கும். இப்படி யாராவது கேட்டால், அங்கே டயர் பூட்டுகிற ஒருவரையே பேச வைக்கலாமா, அவர் சொல்லட்டும், நான் பக்கத்தில் இருந்து கணக்கைச் சொல்கிறேன் என்று முதலாளிக்கு எழுதியிருக்கிறேன். சீசன் நேரத்தில் அவர்களுக்குக் கை ஒழியாது, பார்ப்போம் என்றார்.