கொய்யாக் கிளையின் பட்டைக்குக் கீழே

பள்ளியில் மனப்பாடம் செய்த சைலம், புளோயம் என்ற சொற்கள், எங்கள் கொல்லைக் கொய்யாவில், கிளை மரத்தில் இருக்கும்போதே அதில் வேர் விடவைக்கும் விண் பதியம் போட்டபோதுதான் எனக்கு உண்மையில் விளங்கின. பென்சில் பருமனுள்ள கிளையொன்றில் ஏறக்குறைய 2.5 செ.மீ. அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்தெடுத்து, அந்த இடத்தில் ஈரமான தேங்காய் நார்த்தூளை வைத்துப் பாலித்தீன் தாளால் இறுகக் கட்டினேன்.

பட்டை போன பிறகும் இலைகள் வாடவில்லை. வேரிலிருந்து நீரை மேலேற்றும் சைலம் உள்ளே கட்டையில் இருப்பதே காரணம். அதன் குழாய்களாகும் செல்கள், சுவரில் லிக்னின் என்னும் கட்டைப்பொருள் படிந்து கெட்டிப்பட்டு, இறந்து உள்ளீடற்றுப் போன பிறகே நீரைக் கடத்தத் தொடங்குகின்றன என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. இலையில் உருவாகும் சர்க்கரையைக் கொண்டுசெல்லும் புளோயமோ பட்டையின் உட்புறத்தில் இருப்பதால், பட்டையை உரித்தவுடன் அந்தப் பாதை அறுந்துவிடுகிறது. புளோயத்தின் சல்லடைக் குழாய்ச் செல்கள் உயிருள்ளவை. ஆனால் முதிர்ந்தபின் அவற்றில் உட்கரு இராது, பக்கத்திலிருக்கும் துணைச்செல்களே அவற்றைப் பேணுகின்றன. கீழே இறங்க வழியில்லாத சர்க்கரையும், நுனியிலிருந்து வரும் ஆக்சின் என்னும் வளர்ச்சி ஹார்மோனும் வெட்டின் மேல் விளிம்பில் தேங்க, அந்த விளிம்பு புடைத்து அங்கிருந்தே வேர் விடுகிறது. இந்தப் புடைப்பை 17ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலிய உயிரியலாளர் மார்செல்லோ மால்பிகி மரப்பட்டையை உரித்துக் கண்டிருந்தார்.

எனினும் என் முதல் பதியம் பலிக்கவில்லை. பிரித்துப் பார்த்தபோது வேர் ஒன்றுகூட இல்லை. வளையத்தின் இரு விளிம்புகளும் புதுப் பட்டையால் இணைந்திருந்தன. உரித்த இடத்தில் விரலுக்கு வழுக்கிய மெல்லிய படலத்தைச் சுரண்டாமல் விட்டதே என் பிழை. அந்தப் படலம்தான் கேம்பியம் என்னும் ஆக்குத்திசு. உட்புறம் சைலத்தையும் வெளிப்புறம் புளோயத்தையும் ஓயாமல் பிறப்பிப்பது. அதை விட்டுவைத்ததால் அறுந்த பாதையை மரம் மறுபடி அமைத்துக்கொண்டது. அடுத்த மழைக்காலத்தில் கத்தியின் முதுகால் வழுக்கல் போகும்வரை சுரண்டிவிட்டுக் கட்டினேன். இரண்டு மாதத்தில் பாலித்தீனுக்குள் வெள்ளை வேர்கள் தெரிந்தன.

அதே மரத்தின் பழத்தைக் கடிக்கும்போது பல்லில் நறநறப்பவையும் ஒருவகைத் திசுவே. பாரன்கைமா என்னும் மெல்லிய சுவருள்ள செல்கள் சாற்றையும் இனிப்பையும் தேக்கிவைத்திருக்க, அவற்றிடையே சுவர் தடித்து இறந்த கல் செல்கள் கொத்துக் கொத்தாகக் கிடக்கின்றன. இவை நார்களைப் போலவே ஸ்கிலிரன்கைமா என்னும் கெட்டிச் சுவர்த் திசுவைச் சேர்ந்தவை.

பதியக் கன்றை வேர்க்கட்டுக்குக் கீழே வெட்டி நட்டுவிட்டேன். விதைக்கன்றுக்கு உள்ள ஆணிவேர் இதற்குக் கிடையாது. தண்டிலிருந்து கிளம்பிய வேர்களே உள்ளதால், அவை மண்ணைப் பற்றும்வரை காற்றில் சாயாதிருக்க மூங்கில் குச்சியொன்றை ஊன்றிக் கட்டியிருக்கிறேன்.