கிரெஸ்போவும் மே மாதமும்

2024 ஏப்ரல் 16, செவ்வாய்
விடியற்காலையிலிருந்து மழை. ஸ்டோருக்குள் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். கீழ்த்தட்டில் இருந்த கம்ப்ரசர் பெட்டிகளை மேலே ஏற்றி ஏற்றி இடுப்பு போய்விட்டது. ஆசிய சாம்பியன்ஸ் லீக்கில் நம் அல் ஐன் டீமுக்கும் சவூதியின் ஹிலாலுக்கும் இன்று ராத்திரி நடக்கவேண்டிய அரையிறுதி நாளைக்குத் தள்ளிப்போய்விட்டதாம். கான்ட்ராக்ட் ரினியூவல் பேப்பர் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

ஏப்ரல் 17
நேற்று ஒரே நாளில் கத்ம் அல் ஷக்லாவில் 254 மில்லிமீட்டர். நம் அல் ஐன் பக்கம்தான். இந்த ஊரில் மூன்று வருஷத்துக்குச் சேர்த்துப் பெய்தால்கூட அவ்வளவு வருமா தெரியாது.

4-2! எங்கள் ரஹிமி ஹாட்ரிக். தொடர்ந்து 34 மேட்ச் ஜெயித்து உலக சாதனை வைத்திருந்த ஹிலாலை இந்தச் சேற்று ஊரில் வைத்து அடித்திருக்கிறார்கள். கால்சட்டை முட்டிவரை ஈரத்தோடு உட்கார்ந்து பார்த்தேன். ரூமில் இருக்கும் சேட்டன் கட்டிலிலிருந்து குதித்ததில் மேல்கட்டில்காரர் தலையை இடித்துக்கொண்டார்.

ஏப்ரல் 19
கோல் விழுந்ததும் கேமரா ஒவ்வொரு தடவையும் எங்கள் பயிற்சியாளர் கிரெஸ்போ பக்கம்தான் திரும்புகிறது. தாடி நரைத்திருக்கிறது. எனக்கு மனசுக்குள் இன்னும் அர்ஜென்டினாவுக்கு கோல் அடித்த அந்த நீள முடிக்காரன்தான்.

ஏப்ரல் 23
ரியாத்தில் 2-1 தோல்வி, ஆனால் மொத்தத்தில் 5-4. ஃபைனல்! போன மாதம் ரொனால்டோவின் நஸ்ர், இப்போது ஹிலால், இரண்டு சவூதிக் கஜானாவையும் தாண்டி வந்திருக்கிறார்கள். கடைசி இருபது நிமிஷம் நான் பார்க்கவில்லை, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். சேட்டனின் சத்தத்தை வைத்தே தெரிந்துகொண்டேன்.

ஏப்ரல் 24
ஃபைனலில் எதிர் டீம் யோகோஹாமா எஃப் மரினோஸ். அவர்கள் பயிற்சியாளர் ஹாரி கியூவெல்.
இரண்டாவது ஆட்டம் மே 25, இங்கே.
கியூவெல். மே 25. இதை யாரிடம் சொல்வது? சேட்டனிடம் சொன்னேன், "அதுக்கு?" என்றார்.

ஏப்ரல் 25
தூக்கம் வரவில்லை, எழுதித் தொலைக்கிறேன். 2005 மே 25, இஸ்தான்புல், சாம்பியன்ஸ் லீக் ஃபைனல், மிலான் – லிவர்பூல். நம்மூரில் அப்போது நடுராத்திரி 12.15. அப்பா விழித்துக்கொள்ளக் கூடாதென்று டிவியின் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டுத்தான் பார்த்தேன். முதல் நிமிஷத்திலேயே மால்தினி கோல். லிவர்பூல் பக்கம் கியூவெல் காயம்பட்டு 23-வது நிமிஷத்தில் வெளியே போக, ஸ்மிட்சர் உள்ளே வந்தான். அப்புறம் 39-ல் ஷெவ்சென்கோ குறுக்கே தள்ளியதை, அப்போது மிலானில் இருந்த கிரெஸ்போ தூரத்து போஸ்ட் பக்கம் வந்து தட்டிவிட்டான். 44-ல் அந்த கோல். காக்கா நடுக்களத்தில் ஒரு சுற்றுச் சுற்றி அனுப்பிய பாஸ், லிவர்பூலின் மொத்தத் தடுப்பையும் கத்தரித்துக்கொண்டு ஓடுகிறது, இவன் பந்தை நிறுத்தவே இல்லை, ஓடுகிற ஓட்டத்தில் வலதுகாலால் அப்படியே கிள்ளித் தூக்கிவிட்டான், லிவர்பூல் கோல்கீப்பர் டூடெக் தலைக்கு மேலே போய் இறங்கியது. சத்தமில்லாத டிவியில் பார்த்ததால் எனக்கு அந்த கோல் இன்றைக்கும் சத்தமில்லாத கோல்தான். 3-0. தூங்கப்போயிருக்கலாம்.

54, 56, 60. ஆறு நிமிஷத்தில் லிவர்பூலுக்கு மூன்று கோல், 3-3. அதில் ஒன்று கியூவெலுக்குப் பதிலாக வந்த ஸ்மிட்சர் அடித்தது.

85-வது நிமிஷத்தில் கிரெஸ்போவை வெளியே எடுத்தார்கள். டோமாசன் உள்ளே. பெனால்டியில் செர்ஜின்யோ வெளியே அடித்தான், பிர்லோவையும் ஷெவ்சென்கோவையும் டூடெக் தடுத்தான், கப்பு போயிற்று. ஃபைனலில் இரண்டு கோல் அடித்தவன் கோட்டுக்கு வெளியே நின்று மற்றவர்கள் உதைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஏப்ரல் 30
இந்த மாதமும் பேப்பர் வரவில்லை. ஆபீஸில் கேட்டால் "மே கடைசியில் சொல்கிறோம்". கான்ட்ராக்ட் மே 31. ஆள் குறைப்புப் பட்டியல் தயாராகிவிட்டது என்று டிரைவர் சொல்கிறார். டிரைவருக்கு எப்படித் தெரியும்? டிரைவர்களுக்குத்தான் எல்லாம் தெரியும்.

மே 3
வெள்ளிக்கிழமை. பிரியாணி. வீட்டுக்குப் பேசினேன். "என்னங்க, ரினியூவல் என்னாச்சு?" வரும் என்றேன். "மழையில ஸ்டாக் எல்லாம் காப்பாத்துனீங்களே, அதப் பாக்க மாட்டாங்களா?" மேட்ச் விஷயத்துக்குப் பேச்சை மாற்றினேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

மே 5
சேட்டனுக்கும் எனக்கும் பெரிய சண்டை. கிரெஸ்போ பெரிய ஆட்டக்காரனே இல்லையாம், அதே அர்ஜென்டினா டீமில் பாடிஸ்டுட்டாவின் ஸ்டெப்னியாம். கோபம் வந்துவிட்டது. 1996-ல் தென் அமெரிக்க கிளப் கப்பான கோபா லிபர்தடோரெஸ் ஃபைனலில் ரிவர் பிளேட்டுக்கு இரண்டு கோலையும் அடித்தது யார், அப்போது அவனுக்கு 21 வயதுகூட முழுசாக ஆகவில்லை. அதே வருஷம் அட்லாண்டா ஒலிம்பிக்கில் ஆறு கோல், அதிலும் ஃபைனலில் தோற்று வெள்ளிதான். பார்மாவில் முதலில் சொந்த ரசிகர்களே கூவினார்கள், பயிற்சியாளர் அன்செலோட்டி விடாமல் இறக்கினார். 2000-ல் லாசியோ வாங்கியபோது உலகத்திலேயே அதிக விலை போன ஆள் இவன், அந்த சீசனில் 26 கோல், இத்தாலியில் முதலிடம். அர்ஜென்டினாவுக்கு 64 மேட்ச், 35 கோல். இதற்கு மேல் என்ன வேண்டும்?

"உலகக் கோப்பை," என்றார் சேட்டன்.

98 உலகக் கோப்பையில் இங்கிலாந்துக்கு எதிராக இவன் அடித்த பெனால்டியை சீமன் தடுத்ததையும் ஞாபகப்படுத்தினார். அர்ஜென்டினா ஜெயித்த மேட்ச் அது என்று கத்திவிட்டு வெளியே வந்து நின்றேன். 2002-ல் பயிற்சியாளர் பியெல்சா இரண்டு பேரையும் சேர்த்து ஆடவிடவே இல்லை, பாடிஸ்டுட்டா வெளியே வந்தால்தான் இவன் உள்ளே, முதல் சுற்றிலேயே வீட்டுக்குப் போனார்கள். இதை நான் சேட்டனிடம் சொல்லவில்லை.

மே 6
சேட்டன் டீ போட்டுக் கொடுத்தார். சண்டை முடிந்தது.

2012-ல் கொல்கத்தாவில் கால்பந்து ஏலம் நடந்ததே, வங்காள லீக்குக்கு, அதில் கிரெஸ்போவைத்தான் எல்லாரையும்விட அதிக விலைக்கு எடுத்தார்கள், 8,40,000 டாலர், பாராசாத் டீம். லீக் நடக்கவேயில்லை. சொன்னதும் சேட்டன் விழுந்து விழுந்து சிரித்தார். இஸ்தான்புல்லில் கோல் அடித்தவன் பாராசாத் லோக்கல் டிரெயினில் வந்து இறங்குவதை நினைத்து நானும் சிரித்தேன்.

மே 9
ஸ்டாக் எடுக்கிறோம். நனைந்த பெட்டி 61. உள்ளே சாமான் நன்றாக இருக்கிறது, அட்டைதான் போயிற்று. அப்படியே எழுதினால் "டேமேஜ் என்று போடு" என்கிறார்கள். ஏன் என்று கேட்கவில்லை. ஸ்டோர் சாவிக்கொத்து இடுப்பில் கனக்கிறது, பதினோரு வருஷம் கனக்காதது.

மே 11
மத்தியானம் யோகோஹாமாவில் முதல் ஆட்டம். போனில் ஒளித்து ஒளித்துப் பார்த்தேன். பலூஷி 12-வது நிமிஷத்தில் கோல். ஒரு மணி நேரம் பிடித்து வைத்திருந்தார்கள், அப்புறம் 72, 86. 2-1 தோல்வி.
86. ஒரு நிமிஷம் தள்ளி.

மே 14
கிரெஸ்போ பயிற்சியாளரான கதையை யாரும் கொண்டாடுவதில்லை. பார்மாவில் பையன்கள் டீம், அப்புறம் மொடேனா, இத்தாலி இரண்டாம் டிவிஷன், சீசன் முடிவதற்குள் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஊருக்குப் போய் பான்ஃபீல்ட், அங்கேயும் ஒரு வருஷம் தாங்கவில்லை. டிஃபென்சா இ ஜஸ்டிசியா என்று புவெனஸ் ஐரெஸ் புறநகரில் ஒரு சின்ன கிளப், அதை வைத்து கோபா சுடமெரிக்கானா ஜெயித்தான், ஃபைனலில் லானுஸை 3-0. சாவோ பாவ்லோ போய் மாநில சாம்பியன், 2005-க்குப் பிறகு அவர்களுக்கு அதுதான் முதல் தடவை, அதே வருஷம் அக்டோபரில் வெளியே. கத்தாரில் துஹைலுக்கு லீக் கப்பு, அங்கிருந்தும் கிளம்பியாயிற்று. போன நவம்பரில் இங்கே. ஒவ்வொரு ஊரிலும் பெட்டியைப் பிரிப்பானா, இல்லை கட்டியே வைத்திருப்பானா?

கோல் அடிக்கிற வேலையில் இருந்தவன் ஏன் வெளியே நின்று பார்க்கிற வேலைக்கு வந்தான் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. 85-வது நிமிஷத்தில் நின்ற அதே இடம்தானே. இப்போது முதல் நிமிஷத்திலிருந்தே அங்கே.

மே 17
விசா வேலை பார்க்கும் பிஆர்ஓ, பத்தாக்கா (ஐடி கார்டு) காப்பி கேட்டார். எதற்கு என்று சொல்லவில்லை. ரினியூவலுக்கும் கேட்பார்கள், கேன்சலுக்கும் கேட்பார்கள்.

மே 18
ஒன்றுமில்லை. வெயில்.

மே 20
டிக்கெட் கிடைத்துவிட்டது, இரண்டு. கோலுக்குப் பின்னால்.

மே 24
நாளைக்கு. அல் ஐன் கடைசியாக இந்தக் கப்பை எடுத்தது 2003. அதன் பிறகு 2005-லும் 2016-லும் ஃபைனலில் தோல்வி. வேண்டுதல் எதுவும் வைக்கவில்லை, வைத்தால் எதற்கு வைப்பது என்று குழப்பம் வருகிறது, கப்பா பேப்பரா.

மே 25, இல்லை 26, ராத்திரி 2 மணி
தொண்டை போய்விட்டது. ஹஸ்ஸா பின் சயீத் ஸ்டேடியம் முழுக்க ஊதா. 8-வது நிமிஷம் ரஹிமி. 33-ல் பெனால்டி, காக்கு, கோல். இந்த காக்கு அந்த மிலான் காக்கா இல்லை, ஆனால் அந்தப் பெயர் கூப்பிடும்போதே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. 40-ல் யான் மத்தேயுஸ் ஒன்று போட்டான். அதற்கப்புறம் அவர்கள் கோல்கீப்பருக்குச் சிவப்பு அட்டை, இனி பத்துப் பேர்.

இடைவேளையில் கணக்குப் போட்டேன், இரண்டு ஆட்டமும் சேர்த்து 3-3.

கையிலிருந்த கடலையை அப்படியே வைத்துவிட்டேன். 3-3, மே 25, அந்தப் பக்கம் கியூவெல். சேட்டனுக்கு இப்போதுதான் உறைத்தது. "ஸாரே, இது வேண்டா," என்றார், ஏதோ நான்தான் ஏற்பாடு செய்த மாதிரி.

67-ல் ரஹிமி மறுபடியும். 4-3. அதற்குப் பிறகு நான் பந்தைப் பார்க்கவில்லை, எங்கள் இடத்திலிருந்து கோட்டோரத்தில் சின்னதாகத் தெரிந்த அந்த ஆளைத்தான் பார்த்தேன். 80. 83. பெரிய திரையில் 85:00 வந்தபோது என் முன்னால் ஒரு பையனை அவன் அப்பா தோளில் தூக்கிக்கொண்டார், அந்தப் பையனின் கொடி முழுக்க மறைத்துவிட்டது. கொடி விலகியபோது 86. 90-க்கு மேல் லாபா ஒன்று, விசிலுக்குக் கொஞ்சம் முன்னால் இன்னொன்று. 5-1. மொத்தம் 6-3. பத்தொன்பது வருஷம், அதே தேதி.

அழுதேன். சேட்டன் பார்க்கவில்லை, அவரும் அழுதுகொண்டிருந்தார், பிரேசில் ரசிகர்.

மே 26
தூங்கினேன். வீட்டுக்குப் பேசினேன். "ஜெயிச்சிட்டாங்களாமே, டிவில காட்டுனாங்க," என்றாள். இங்கே என்ன சாப்பிட்டீர்கள் என்றாள். வேறெதுவும் கேட்கவில்லை.

மே 27
ஊரெல்லாம் ஹார்ன் சத்தம் இன்னும் அடங்கவில்லை. ஸ்டோரில் 61 பெட்டியும் "டேமேஜ்" பக்கத்துக்குப் போய்விட்டது, என் கையெழுத்தோடு.

மே 28
11 மணிக்கு ஆபீஸுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்கள்.